வெள்ளவத்தை வீடொன்றின் மைல் கணக்கு: நாலு பேர், லண்டன், ஓகஸ்ட்

ஒக்டோபர் மாதம். லண்டன் ஹாரோவில் இருக்கும் சித்தி வீட்டுக் கல்யாணம் அடுத்த ஓகஸ்டில். சாப்பாட்டு மேசையில் பிள்ளையின் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வீட்டுக்காரர் எழுதியது இது: ஃப்ளைஸ்மைல்ஸ் (ஸ்ரீலங்கன் மைல்) 62,000. கத்தார் ஏவியோஸ் 48,000. கிரிஸ்ஃப்ளையர் (சிங்கப்பூர் எயார்லைன்ஸ்) 31,000. மனைவியின் ஸ்கைவர்ட்ஸ் (எமிரேட்ஸ்) 11,500. மரியட் ஹோட்டல் புள்ளி 86,000. கடனட்டைப் புள்ளி 110,000. கீழே கோடு போட்டு, கூட்டி, 348,500 என்று இரண்டு தரம் வட்டமிட்டிருந்தார்.

பிழை அந்தக் கோட்டிலேயே தொடங்கிவிட்டது. ரூபாவையும் யென்னையும் திர்ஹாமையும் ஒரே நிரலில் எழுதிக் கூட்ட மாட்டோம். பறந்ததற்கும் தங்கியதற்கும் அட்டையில் செலவழித்ததற்கும் நிறுவனங்கள் கொடுத்த, பிறகு டிக்கெட்டாகவோ அறையாகவோ கழிவாகவோ எடுக்கக்கூடிய இவை ஆறும் ஆறு நாணயம். ஒன்றை மற்றதாக மாற்றும் வழி சிலவற்றுக்கு இல்லை, சிலவற்றுக்கு ஒருவழிப் பாதை, சிலவற்றில் மாற்றும்போதே முக்கால்வாசி கரைந்துவிடும்.

இந்தக் குடும்பம் கொழும்பில் பல வீடுகளில் காணும் நிலையை ஒன்றாகச் சேர்த்து அமைத்தது: ஆடைத் தொழிற்றுறையில் வேலை பார்த்து டாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் அடிக்கடி போய்வரும் தகப்பன், ஆசிரியையான தாய், 13 வயது மகள், 9 வயது மகன். கீழே வரும் கட்டணங்களும் மைல் விலைகளும் கணக்கு விளங்குவதற்காக முழு எண்ணில் வைத்தவை, எந்தத் திட்டத்தின் விலைப்பட்டியலும் அல்ல. திட்டங்களின் விதிகளைச் சொல்லும் இடத்தில் மட்டும் அந்தந்தப் பெயரோடு சொல்கிறோம்.

முதல் இரவில் நடந்தது

அன்றிரவே கடனட்டைப் புள்ளி 110,000ஐயும் ஃப்ளைஸ்மைல்ஸுக்கு மாற்றினார்கள். ஒரு புள்ளிக்கு ஒரு மைல். சில நாளில் கணக்கில் 172,000 மைல் நின்றது. பிறகுதான் இருக்கை தேடினார்கள். கொழும்பிலிருந்து லண்டன், நாலு பேர், போகவும் வரவும். திரையில் ஒன்றும் இல்லை. அடுத்த நாள் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

"இஞ்சருங்கோ, நாலு பேருக்கும் இருக்கெண்டுதானே சொன்னியள்?"

இருந்தது மைல். இல்லாதது இருக்கை. விமானத்தில் இடம் காலியாக இருப்பதும், அதை மைலுக்குக் கொடுக்க நிறுவனம் ஒதுக்கியிருப்பதும் வேறு வேறு. ஒதுக்கீடு ஏறத்தாழ 11 மாதம் முன்னர் திறக்கும், பறப்புக்குச் சில நாள் இருக்கையில் விற்காமல் மிஞ்சியது மறுபடி தலை காட்டும். பாடசாலை விடுமுறையோடு போகும் நாலு பேர் கொண்ட குடும்பம் இந்தக் கடைசி நேர வாய்ப்பை நம்பி இருக்க முடியாது.

கடனட்டைப் புள்ளியை விமான நிறுவனத்துக்கு அனுப்பியபின் திருப்பி எடுக்க முடியாது. அட்டைக் கணக்கில் இருந்தவரை அதற்குப் பல கதவு: இந்த விமான நிறுவனம், அந்த விமான நிறுவனம், அல்லது பில்லில் கழிவு. இவர்களுடைய அட்டையில் ஒரு புள்ளிக்கு ஒரு ரூபா பில்லில் கழியும். ஆக, புள்ளியை மைலாக மாற்றுவதென்றால் மைலை ஒரு ரூபாவுக்கு விலை கொடுத்து வாங்குவதுதான். சில அட்டைகளில் 2 புள்ளிக்குத்தான் ஒரு மைல், அங்கே வாங்கும் விலை 2 ரூபா. 'இலவச மைல்' என்ற சொல்லைக் கேட்டவுடன் இந்த வாங்கும் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாக் கணக்கும் இதோடுதான் ஒப்பிடப்படும். பில்லை முழுதாகக் கட்டாமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளும் வீட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆண்டுக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி போகும் அட்டையில் ஒரு வீதப் புள்ளி சேர்ப்பது ஓட்டைச் சட்டியில் தண்ணீர் அள்ளுவது.

நாலாகத் தேடாதே

தேடும் முறையை மாற்றியதும் படம் மாறியது. நாலு பேருக்குத் தேடினால், மூன்று இருக்கை இருந்தாலும் திரை 'இல்லை' என்றுதான் சொல்லும். ஒரு ஆளுக்கு முதலில் பார்க்க வேண்டும், பிறகு இரண்டு, பிறகு மூன்று. போகும் வழியையும் வரும் வழியையும் தனித்தனியே பார்க்க வேண்டும். திருமண நாளுக்கு மூன்று நாள் முன்பின்னாக, குறிப்பாகச் செவ்வாய், புதனில்.

காசு டிக்கெட்டிலும் இதே குணம் உண்டு. மலிவான கட்டண வகுப்பில் மூன்று இருக்கை மிச்சம், நீங்கள் நாலு கேட்கிறீர்கள் என்றால் நாலுக்கும் அடுத்த வகுப்பின் விலை வரும். மூன்றையும் ஒன்றையும் பிரித்து வாங்கினால் மூன்று பேராவது பழைய விலையில் போகலாம்.

இப்படிப் பிரித்துத் தேடியதில் கிடைத்தது: போக, செவ்வாய்க்கிழமை நேரடி ஸ்ரீலங்கனில் 2 இருக்கை. வர, நேரடியில் ஒன்றே ஒன்று. அதற்கு இரண்டு நாள் கழித்து டோஹா வழியாகக் கத்தாரில் இன்னொன்று. ஒருவழிக்குத் தலா 45,000.

நாலு பேருக்கு எட்டு ஒருவழி இருக்கை வேண்டும். கையில் வந்தது நாலு. மற்ற நாலும் காசுக்கு. யாருக்கு மைல், யாருக்குக் காசு என்பதுதான் இந்த ஆய்வின் மையம்.

மைலின் விலை ஆளுக்கு ஆள் மாறும்

ஒரு மைல் எத்தனை ரூபா பெறும் என்பதற்குச் சூத்திரம் எளிது: காசு டிக்கெட்டின் விலையிலிருந்து, மைல் டிக்கெட்டுக்குக் கையால் கட்டும் வரியைக் கழித்து, வருவதை மைலால் வகுக்க வேண்டும். வரியைக் கழிக்க மறப்பதுதான் வழக்கமான பிழை. அந்த 'வரி' என்ற ஒற்றைத் தொகைக்குள் அரசாங்க வரி மட்டும் இல்லை. டிக்கெட் விபரத்தைத் திறந்து பார்த்தால் வை.கியூ. அல்லது வை.ஆர். என்ற எழுத்தோடு ஒரு தொகை நிற்கும். அது விமான நிறுவனம் தானே போடும் மேலதிகக் கட்டணம். எல்லா நிறுவனமும் மைல் டிக்கெட்டுக்கு இதை அறவிடுவதில்லை. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் தன் சொந்த விமானங்களின் மைல் டிக்கெட்டுகளில் 2017இல் இதை நீக்கிவிட்டது.

பெரியவர் ஒருவருக்கு: ஓகஸ்ட் போய்வர 340,000 ரூபா. மைல் டிக்கெட்டில் 90,000 மைலும், வரி போகும்போது 45,000, வரும்போது 75,000, ஆக 120,000 ரூபாவும். (340,000 - 120,000) ÷ 90,000 = 2.44 ரூபா.

பெப்ரவரியில் அதே இருக்கை 230,000க்குக் கிடைத்தால் 1.22 ரூபா. ஒரு ரூபாவுக்கு வாங்கிய மைலை 1.22க்குச் செலவழிக்க இவ்வளவு மினக்கெட வேண்டியதில்லை. காசு டிக்கெட்டில் போனால் மைல் சேரவும் செய்யும். கூட்ட காலத்தில் மைல், கூட்டமில்லாக் காலத்தில் காசு: ஆனால் கூட்ட காலத்தில்தான் மைல் இருக்கை அரிது. அதனால்தான் 10 மாதம் முன்னரே உட்கார வேண்டியிருக்கிறது.

மகளுக்கு 13 வயது. கட்டணத்தில் அவள் பெரியவள், 12 வயதோடு சிறுவர் கழிவு போய்விடும். ஆனால் பிரித்தானியா அறவிடும் விமானப் பயணி வரி 16 வயதுக்குட்பட்டவர் எகானமியில் போனால் கிடையாது. லண்டனில் இருந்து புறப்படும் பயணத்தில் அது பெரியவருக்கு இந்தக் கணக்கில் 40,000 ரூபா. ஆக அவளுக்குக் காசு டிக்கெட் 300,000, மைல் டிக்கெட்டின் வரி 80,000. வகுத்தால் அதே 2.44.

மகனுக்கு 9 வயது. சிறுவர் கழிவோடு காசு டிக்கெட் 240,000. மைல் டிக்கெட்டிலோ அவனுக்கும் இங்கே 90,000 மைல்தான். (240,000 - 80,000) ÷ 90,000 = 1.78. மைலைச் சின்னவனுக்குச் செலவழிப்பது நட்டம். அவன் காசில் போக வேண்டும்.

ஆனால் 9 வயதுப் பிள்ளையைத் தனிப் பதிவில் போட முடியாது. கணினிக்கு அவன் துணையில்லாமல் பறக்கும் சிறுவனாகத் தெரிவான். இணையத்தில் பதிவே ஏறாது. ஒரு பெரியவரும் அவனோடு காசில் போயாக வேண்டும். அது தாய். பதிவு இப்படி முடிந்தது:

தாயும் மகனும்: நேரடி, போய்வர, காசு. 340,000 + 240,000 = 580,000 ரூபா.
தகப்பனும் மகளும்: போக, அதே நேரடி விமானம், ஃப்ளைஸ்மைல்ஸ் 90,000.
மகள்: வர, தாயோடு அதே விமானம், ஃப்ளைஸ்மைல்ஸ் 45,000.
தகப்பன்: வர, இரண்டு நாள் பிந்தி டோஹா வழி, ஏவியோஸ் 45,000.

தகப்பன் தனியே வருவதுதான் இதில் ஒரே இடைஞ்சல். மகளைத் தனியே டோஹாவில் மாற விடுவதை விட அது எவ்வளவோ மேல்.

வரிகள் மொத்தம் 200,000. கையால் போனது 780,000. நாலு பேரும் காசில் போயிருந்தால் 1,220,000. வித்தியாசம் 440,000. அதில் ஃப்ளைஸ்மைல்ஸில் ஏற்கெனவே இருந்த 62,000 போக, அட்டைப் புள்ளியிலிருந்து உண்மையில் தேவைப்பட்டது 73,000 மைல், அதாவது 73,000 ரூபா பில் கழிவை விட்டுக்கொடுத்தது. கழித்தால் மெய்யான மிச்சம் 367,000 ரூபா.

முதல் இரவின் அவசரத்துக்கும் ஒரு விலை உண்டு. 110,000 மாற்றினார்கள், வேண்டியது 73,000. மீதி 37,000 இப்போது ஃப்ளைஸ்மைல்ஸில் கிடக்கிறது. அட்டையிலேயே இருந்திருந்தால் 37,000 ரூபா பில்லில் கழிந்திருக்கும். அதை வைத்து அம்மம்மாவைச் சென்னைக்கு அனுப்பலாம் என்றொரு யோசனை வந்தது. கொழும்பிலிருந்து சென்னை கூப்பிடு தூரம், அடிப்படைக் கட்டணம் சின்னது, டிக்கெட்டின் பெரும்பங்கு வரியும் மேலதிகக் கட்டணமுமே. மைல் கொடுத்தாலும் அந்தப் பங்கு கையால்தான் போகும். இந்தப் பாதையில் மைலைக் கரைப்பதற்கு முன் சூத்திரத்தை ஒருமுறை போட்டுப் பார்த்தால் ஆசை அடங்கிவிடும்.

பிஸ்னஸ் கிளாஸ் பற்றி எல்லாரும் கேட்பார்கள். 1,050,000 ரூபா டிக்கெட்டை 180,000 மைலுக்கும் 230,000 வரிக்கும் எடுத்தால் மைல் 4.56 ரூபா என்று கணக்குக் காட்டும். கணக்குச் சரிதான். ஆனால் பத்து லட்சம் ரூபா கொடுத்து அந்த இருக்கையை வாங்கியிருக்கவே மாட்டார் என்றால் அவருக்கு மிச்சமானது பத்து லட்சம் அல்ல. வாங்கியிருக்கக்கூடிய எகானமி டிக்கெட்டின் விலையையே வைத்துப் போட வேண்டும்: (340,000 - 230,000) ÷ 180,000 = 61 சதம். மீதியெல்லாம் கால் நீட்டிப் படுத்த சுகத்துக்கு. அந்தச் சுகம் வேண்டும் என்றால் தாராளமாக எடுக்கலாம், மிச்சம் பிடித்ததாகச் சொல்லாமல்.

பதிவு செய்த பிறகு செய்தவை

காசுப் பதிவும் மைல் பதிவும் வேறு வேறு ஆறெழுத்துக் குறியீட்டில் இருந்தன. விமான நிறுவனத்துக்கு அழைத்து இரண்டையும் ஒன்றுக்கொன்று குறிப்பிட்டு இணைக்கச் சொன்னார்கள். இணைத்தாலும் அவை இரண்டு பதிவுதான். விமானம் இரத்தானால் ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவிடக்கூடும், பக்கத்தில் நின்று இரண்டையும் மாற்றுவிக்க வேண்டும். ஆனால் இருக்கை ஒதுக்கும்போது குடும்பம் என்று தெரிவதற்கு அந்தக் குறிப்பு உதவும்.

அடுத்து, டிக்கெட் இலக்கம் வந்துவிட்டதா என்று பார்த்தார்கள். குறியீடு வந்தால் போதாது. 13 இலக்கம் கொண்ட டிக்கெட் எண் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். முதல் மூன்று எண் நிறுவனத்தைச் சொல்லும்: ஸ்ரீலங்கன் 603, கத்தார் 157, எமிரேட்ஸ் 176, சிங்கப்பூர் 618. மைல் கழிந்து, குறியீடு வந்து, டிக்கெட் எண் வராமல் நின்றால் அது இன்னும் டிக்கெட் இல்லை. சில நாளில் தானாக விழுந்துவிடும்.

விசா இன்னொரு முடிச்சு. பிரித்தானிய வருகை விசாவுக்குப் பயணத்துக்கு 3 மாதம் முன்னர்தான் விண்ணப்பிக்கலாம். ஒக்டோபரில் இருக்கை, மே மாதத்துக்குப் பிறகு விசா. மறுத்துவிட்டால்? மைல் டிக்கெட்டைப் பொதுவாக ஒரு கட்டணத்தோடு இரத்துச் செய்தால் மைலும் வரியும் திரும்பும். திரும்பிய மைலின் பழைய காலாவதித் திகதி அப்படியே இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். திகதி தாண்டியிருந்தால் வந்த வேகத்தில் போய்விடும். காசு டிக்கெட்டுக்குத் தாயும் மகனும் திருப்பிக் கொடுக்கக்கூடிய கட்டணத்தையே எடுத்தார்கள், 340,000 என்பது அந்த விலை. மலிவானது வேறு இருந்தது. விசா கையில் இல்லாத வீட்டுக்கு அது மலிவு அல்ல.

தகப்பன் ஒரு நிறுவனத்தில் போய் இன்னொன்றில் வருவதால் இரண்டு டிக்கெட்டையும் அச்செடுத்து வைத்திருக்கச் சொல்லப்பட்டது. போகும் டிக்கெட்டை மட்டும் காட்டினால் கட்டுநாயக்கவிலேயே 'ரிட்டர்ன் எங்கே' என்ற கேள்வி வரும்.

பெயர்

தமிழ் வீடுகளில் மைல் தொலையும் இடம் பெரும்பாலும் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வீட்டுக்காரரின் பெயர் முகுந்தன், அவருடைய தகப்பனின் பெயர் கந்தசாமி என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் நிரலில் கந்தசாமி, மற்றப் பெயர்கள் நிரலில் முகுந்தன். ஃப்ளைஸ்மைல்ஸ் கணக்கைப் பல வருடம் முன்னர் விண்ணப்பத் தாளில் நிரப்பியபோது முதற்பெயர் 'கே', குடும்பப் பெயர் 'முகுந்தன்' என்று எழுதியிருந்தார், அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவது போல. அலுவலகத்தின் பயண முகவர் டிக்கெட் போடுவது கடவுச்சீட்டைப் பார்த்து: கந்தசாமி, சாய்வுக்கோடு, முகுந்தன், இடைவெளி இல்லாமல் மிஸ்டர். கணினி இரண்டையும் ஒப்பிட்டது. ஒரு எழுத்துகூடப் பொருந்தவில்லை. மூன்று டாக்காப் பயணத்தின் மைல் கணக்கில் ஏறவே இல்லை. அவருக்கு அது தெரியவும் இல்லை, ஏனென்றால் பார்க்கவில்லை.

திருத்தும் வழி: முதலில் கணக்கின் பெயரைக் கடவுச்சீட்டுப்படி மாற்றக் கோர வேண்டும், கடவுச்சீட்டின் விபரப் பக்கப் பிரதியோடு. அது முடிந்த பிறகே விடுபட்ட மைலைக் கோர வேண்டும். மாறிச் செய்தால் கோரிக்கை அதே காரணத்துக்காகத் திரும்பி வரும். கேட்பவை டிக்கெட் எண், பறப்பு இலக்கம், திகதி, போர்டிங் பாஸ். போர்டிங் பாஸைக் கிழித்தெறிவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவைப்பது இதற்காகத்தான். கோருவதற்குக் காலக்கெடு உண்டு, கிரிஸ்ஃப்ளையரில் 6 மாதம். இவருடைய மூன்றில் இரண்டு கெடுவுக்குள் இருந்தன. மூன்றாவது போனது போனதுதான்.

தாயின் கணக்கு கல்யாணத்துக்கு முந்திய பெயரில் இருந்தது. கடவுச்சீட்டு கணவன் பெயரோடு. அதையும் சேர்த்தே மாற்றினார்கள். ஏவியோஸைக் கத்தாருக்கும் பிரிட்டிஷ் எயார்வேஸுக்கும் இடையே ஒன்றுக்கு ஒன்றாக நகர்த்தலாம், ஆனால் இரண்டு கணக்கிலும் பெயரும் பிறந்த திகதியும் மின்னஞ்சலும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷல் ஒரு பக்கம், முழுப்பெயர் மறுபக்கம் என்றால் இணைப்பு நடக்காது.

பெயர் சரியாக இருந்தும் மைல் ஏறாத பயணங்கள் இருக்கும். காலி வீதி முகவரிடம் வாங்கும் குழுக் கட்டண டிக்கெட்டுகள் இதற்கு நல்ல உதாரணம். டிக்கெட்டில் கட்டண வகுப்பு ஒரு ஆங்கில எழுத்தாக நிற்கும். அந்த எழுத்துக்கு எத்தனை வீத மைல் என்று திட்டத்தின் பட்டியலில் பார்க்கலாம். பூச்சியம் என்று இருக்கும் எழுத்துகளும் உண்டு. ஒரு திட்டத்தில் பூச்சியமாக இருப்பது இன்னொன்றில் பாதியாக இருக்கலாம்: ஸ்ரீலங்கன் 2014 மே மாதம் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் சேர்ந்ததிலிருந்து அதன் பறப்பைக் கத்தாரிலோ பிரிட்டிஷ் எயார்வேஸிலோ ஏற்றலாம். ஒரு பறப்பு ஒரு திட்டத்தில் மட்டும்தான். வீட்டில் மூத்தவர்களிடம் பழைய ஸ்கைவர்ட்ஸ் இலக்கம் இருப்பதைக் காணலாம். எமிரேட்ஸின் நிர்வாகத்தில் ஸ்ரீலங்கன் இருந்த காலத்தில், 2008 வரை, இரண்டுக்கும் அதுதான் திட்டம். அந்த இலக்கத்தை இன்று ஸ்ரீலங்கன் கவுண்டரில் நீட்டிப் பயனில்லை.

காலாவதியாகும் சில்லறைகள்

கிரிஸ்ஃப்ளையர் 31,000இல் 14,000 மார்ச் முடிவோடு காலாவதி. இந்தத் திட்டத்தில் மைலுக்கு 3 ஆண்டு ஆயுள், இடையில் பறந்தாலும் பழையது நீளாது. ஏவியோஸ் அப்படியல்ல. 36 மாதத்துக்குள் ஏதாவதொரு வரவோ செலவோ இருந்தால் முழுவதற்கும் உயிர் நீளும். இந்த வித்தியாசத்தை அறியாமல் 'போன மாதம்தானே பறந்தேன்' என்று நம்பியிருந்து இழப்பவர்கள் அதிகம்.

காசு கட்டி 6 மாதம் நீட்டும் வசதி கிரிஸ்ஃப்ளையரில் உண்டு. பயணம் நிச்சயம் என்றால் மட்டும் அதற்குக் கொடுக்கலாம். இங்கே பெப்ரவரியில் அம்மம்மா சிங்கப்பூரில் மாமா வீட்டுக்குப் போக இருந்தார். மைல் செலவழியும்போது பழையதே முதலில் கழியும், ஆகவே அவருடைய ஒருவழி டிக்கெட்டோடு அந்த 14,000 தானாகவே பயன்பட்டுவிட்டது. கணக்குக்காரர் அல்லாத ஒருவருக்கு மைல் டிக்கெட் எடுக்க அவரை முன்கூட்டியே நியமனப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கிரிஸ்ஃப்ளையரில் 5 பேர் மட்டும். அம்மம்மாவைச் சேர்ப்பதென்றால் வேறு யாருக்கு இடமில்லாமல் போகும் என்று யோசித்துச் சேர்க்க வேண்டும்.

ஸ்கைவர்ட்ஸ் 11,500ஐ விட்டுவிடச் சொன்னோம். குடும்பக் கணக்கில் 8 பேர் வரை மைலைச் சேர்க்கலாம்தான். ஆனால் இந்த வீட்டில் வேறு யாரும் எமிரேட்ஸில் போவதில்லை. 11,500ஐக் காப்பாற்ற ஒரு விலைகூடிய டிக்கெட் வாங்குவது ஆட்டுக்குட்டிக்காக மாட்டை விற்பது. வட்ஸ்அப் குழுக்களில் மைல் வாங்கி விற்பவர்களிடம் கொடுக்கலாமே என்றால், கூடாது. திட்ட விதிகள் அதைத் தடுக்கின்றன. பிடிபட்டால் கணக்கு மூடப்படும், அந்த மைலில் எடுத்த டிக்கெட்டும் போகும், அதுவும் சில வேளை பயணி விமான நிலையத்தில் நிற்கும்போது.

ஹோட்டல் புள்ளி: கொழும்பில் வேறு கணக்கு

மரியட் 86,000ஐ மைலாக மாற்றிவிடலாமா என்பது முதல் கேள்வி. 3 புள்ளிக்கு 1 மைல், 60,000 புள்ளி ஒரே தடவையில் மாற்றினால் 5,000 மைல் கூடுதலாக, ஆக 25,000. மேலே கண்ட 2.44 ரூபா வைத்தாலே 61,000 ரூபா, புள்ளிக்கு ஒரு ரூபாவை ஒட்டி. இது அடித்தளம். இதற்குக் கீழே எந்த வழியிலும் செலவழிக்கக் கூடாது.

லண்டனில் தங்க வேண்டியதில்லை, சித்தி வீடு இருக்கிறது. இருந்தாலும் ஒரு எச்சரிக்கை: புள்ளியில் எடுக்கும் சாதாரண அறை அங்கே பல ஹோட்டல்களில் இரண்டு பேருக்கு. நாலு பேர் என்று போட்டுத் தேடினால் அறை மறைந்துவிடும். இரண்டு என்று போட்டு எடுத்து, நாலாகப் போய் நின்றால் வரவேற்பில் இரண்டாவது அறைக்குக் காசு கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட.

இலங்கையின் தென்கரையில் ஐந்து இரவு என்ற யோசனை வந்தது. மரியட்டில் புள்ளியில் தொடர்ந்து 5 இரவு எடுத்தால் 4 இரவுக்கே புள்ளி கழியும். இரவுக்கு 20,000 என்றால் 80,000. எதோடு ஒப்பிடுவது? இணையத்தில் டொலரில் தெரியும் விலையோடு ஒப்பிட்டால் பிரமாதமாகத் தெரியும், அதிலும் அந்த விலைக்குப் பின்னால் 'பிளஸ் பிளஸ்' நிற்கும்: 10 வீதம் சேவைக் கட்டணம், அதன் மேல் 18 வீதம் வற், இடையில் சின்ன வரிகள். 100 டொலர் அறை 130ஐத் தாண்டும். ஆனால் இலங்கையில் வசிப்பவர் அந்த விலையைக் கொடுப்பதே இல்லை. ஹோட்டலுக்கு நேரே அழைத்து உள்ளூர்வாசி விலை கேட்டால், இந்தக் கணக்கில் இரவுக்கு 36,000 ரூபா, வரிகள் உட்பட, நாலு பேருக்கும் காலைச் சாப்பாட்டோடு. ஐந்து இரவுக்கு 180,000. உங்கள் ஒப்பீடு இதுதான்.

180,000 ÷ 80,000 = 2.25 ரூபா. நன்றாக இருக்கிறதே என்று நினைக்கும்போதுதான் காலைச் சாப்பாடு வருகிறது. புள்ளியில் எடுத்த அறைக்கு, உயர்நிலை உறுப்பினர் அல்லாதவருக்கு, அறை மட்டுமே. பஃபே ஆளுக்கு 5,000, மகனுக்குப் பாதி என்றால் ஒரு நாளைக்கு 17,500, ஐந்து நாளைக்கு 87,500. கழித்து வகுத்தால் 1.16. மைலாக மாற்றும் அடித்தளத்தைத் தொட்டுவிட்டது.

அதே நாலு பேரும் காலையில் வெளியே நடந்து போய் முட்டை அப்பமும் கட்டச் சம்பலும் பிளேன்ரீயுமாக 3,000 ரூபாவுக்குச் சாப்பிட்டால்? ஐந்து நாளைக்கு 15,000. (180,000 - 15,000) ÷ 80,000 = 2.06. ஆக இந்தப் புள்ளியின் பெறுமதியைத் தீர்மானித்தது ஹோட்டல் அல்ல, பஃபேயில் வாஃபிள் வேண்டும் என்று நிற்கும் 9 வயதுப் பையன். வீட்டுக்காரர் அவனோடு பேரம் பேசி இரண்டு நாள் பஃபே, மூன்று நாள் அப்பம் என்று முடித்தார்: 35,000 + 9,000 = 44,000, புள்ளிக்கு 1.70. எடுத்துவிட்டார்கள்.

மீதி 6,000. மரியட்டிலும் ஹில்டனிலும் 24 மாதம் எந்த அசைவும் இல்லையென்றால் புள்ளி போய்விடும். டாக்கா வேலைப் பயணத்தின் ஓர் இரவு போதும், ஆனால் அதை அகோடா, புக்கிங் போன்ற தளத்தில் எடுத்தால் புள்ளியும் வராது, தங்கிய இரவாகவும் கணக்கில் சேராது. வங்கி அட்டைக்கு 40, 50 வீதக் கழிவு என்று வரும் சலுகை அறைகளும் பெரும்பாலும் அப்படியே. கழிவு பெரிதென்றால் புள்ளியை மறந்துவிட்டுக் கழிவை எடுங்கள்.

மகளின் சாமத்தியச் சடங்கை ஹோட்டல் மண்டபத்தில் வைத்தபோது ஒரு பெரிய வாய்ப்பு கைநழுவியிருந்தது. சர்வதேசத் திட்டங்களில் உள்ள ஹோட்டல்கள் பல, மண்டபமும் சாப்பாடும் எடுக்கும் நிகழ்வுக்குப் புள்ளி கொடுக்கும், ஒரு உச்ச வரம்போடு. ஆனால் உறுப்பினர் இலக்கம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். முற்பணம் கட்டிக் கையெழுத்திட்ட பிறகு கேட்டால் விற்பனைப் பிரிவு சிரித்துக்கொண்டே கை விரிக்கும். சமூக நிகழ்வுக்கும் பொருந்துமா, எந்தத் தொகைக்குப் புள்ளி, வரிக்கும் சேவைக் கட்டணத்துக்கும் உண்டா என்று மெனு பேசும் அன்றே மின்னஞ்சலில் எழுதி வாங்க வேண்டும். இந்த வீட்டில் அடுத்த சந்தர்ப்பம் மகனின் சடங்கு ஏதும் இல்லாததால் தகப்பனின் அறுபதாம் கல்யாணம்தான். அதற்கு இன்னும் 14 வருடம் இருக்கிறது.